எடைக்கு எடை வெல்லம்

மேலகரம்
8.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

லோகு எழுதுகிறேன். இங்கே நானும் இவரும் பரமுவும் பெரியத்தானும் சுகமாக இருக்கிறோம். உன் மூட்டுவலி தேவலையா? அத்தானுக்கு எலுமிச்சை மண்டியில் வேலை நெரிசலாக இருக்கும். வேளைக்குச் சாப்பிடச் சொல்.

தென்காசிக்கும் புளியங்குடிக்கும் எத்தனை தூரம், இதற்குப் போய்க் கடிதமா என்று சிரிப்பாய். சிரித்துக்கொள். என் போன் என் கையில் இருப்பதே இல்லை. பரமு ஒரு வாய் சோறு வாங்க வேண்டுமென்றால் அதில் பொம்மைப் படம் ஓடியாக வேண்டும். போன மாதம் நீ அனுப்பிய செய்தியில் அவன் எங்கேயோ விரலை அழுத்திவிட்டான். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் அதைக் கூடம் முழுக்கக் கேட்க வாசித்தது. ‘பிள்ளை இன்னும் மெலிஞ்சுதான் இருக்கானா’ என்று அது கேட்டதும் பெரியத்தான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

காதுகுத்தில் நீ எல்லோர் முன்னாலும் அப்படிச் சொன்னதை அவர் இன்னும் மறக்கவில்லை. அன்று இரவே பிள்ளைக்குக் காய்ச்சல் வந்ததும், பிள்ளை பெறாதவள் கண் என்று அவர் சொன்னதும், நீ சேலை மாற்றக்கூட நிற்காமல் பஸ் ஏறியதும் எனக்கும் மறக்கவில்லை. இந்த வீட்டில் அவன் எடையைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. அதனால் இனி நீ எழுதுவதைத் தையற்கடை பாலம்மாள் அக்கா பெயருக்கு எழுது. வாங்கி வைத்துத் தருவாள்.

பரமுவின் பள்ளிக்கூடத்தில் பல் டாக்டர்கள் வந்து எல்லாப் பிள்ளைகளையும் பார்த்தார்கள். இவனுக்குக் கீழே நாலு கடைவாய்ப் பல் சொத்தை என்றும், வயதுக்கு எடை காணாது என்றும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பெரியத்தானிடம் காட்டினேன். “சொத்தப்பல்லுங்கது இல்லாதப்பட்ட வீட்டுப் பிள்ளைகளுக்கு வாரது. நம்ம வீட்ல பாலும் நெய்யுமா வளருதவனுக்கு எப்படி வரும்? பிள்ளை மாத்திப் பாத்திருப்பான்” என்று சொல்லிவிட்டார். அண்ணன் சொன்னால் சொன்னதுதான் என்று இவர் வழக்கம்போல உரக்கடைச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மற்றபடி விசேஷம் ஒன்றுமில்லை. பதில் போடு.

அன்புத் தங்கை,
லோகநாயகி


புளியங்குடி
13.7.2024

அருமைத் தங்கை லோகுவுக்கு,

அக்கா ஆசிகள். மூட்டுவலி எங்கேயும் போகவில்லை, என்னோடுதான் இருக்கிறது. அத்தான் வேளைக்குச் சாப்பிடுகிறார், வேளை தவறியும் சாப்பிடுகிறார். நீ சாப்பிடுகிறாயா என்று எழுதவே இல்லையே.

பல் சொத்தைக்கு வீட்டு அந்தஸ்து தெரியுமா லோகு? எங்கள் மண்டியில் எலுமிச்சை பொறுக்க வருகிற பெண்களின் பிள்ளைகளுக்கும் சொத்தைதான். எதிர்வீட்டு மாடிக்காரர் பேரன் உருளைக்கிழங்கு மாதிரி இருக்கிறான், அவன் வாயைத் திறந்தால் முன்பல்லெல்லாம் கறுப்பு. ஒருவனுக்குக் கிடைக்காததால், ஒருவனுக்கு ஓயாமல் கிடைப்பதால். உங்கள் பிள்ளை இதில் எந்தக் கணக்கு என்றுதான் எனக்குப் புரியவில்லை. பாலும் நெய்யுமாக வளர்கிறவன் ஏன் மெலிகிறான்?

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. அந்த வெல்லம் இன்னும் கொடுக்கிறார்களா? ஏழாம் மாதத்திலேயே பிறந்து கண்ணாடிப் பெட்டியில் கிடந்தவன் பிழைக்க வேண்டும் என்று உன் பெரியத்தான் சாஸ்தாவுக்கு நேர்ந்ததை நான் குறை சொல்லவில்லை. வருஷா வருஷம் பிறந்த நட்சத்திரத்தில் தராசில் உட்கார வைத்து எடைக்கு எடை வெல்லம் கொடுங்கள். அதில் ஒரு பங்கைப் பானையில் கொண்டுவந்து வைத்து வருஷம் முழுக்கப் பிள்ளை வாயில் போடச் சொல்லி எந்தச் சாமி கேட்டது?

தென்காசியில் பல் டாக்டருக்கா பஞ்சம்? ஒருநாள் கூட்டிக்கொண்டு போ.

அன்புடன்,
பேராச்சி


மேலகரம்
29.7.2024

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எல்லோரும் சுகம். குற்றாலத்தில் இந்த வருஷம் நல்ல சாரல். துணி காயவில்லை என்பதைத் தவிர வேறு குறை இல்லை.

வெல்லத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். தினமும் விளக்கேற்றியதும் பெரியத்தான் பானையைத் திறந்து ஒரு துண்டு எடுத்துத் தன் கையால் ஊட்டுகிறார். அந்த நேரம் அவர் முகத்தை நீ பார்க்க வேண்டும். பரமு அதைக் கன்னத்தில் அதக்கியபடியே அவர் மடியில் தூங்கிப்போவான். துப்பச் சொல்ல எனக்கு மனசும் வரவில்லை, தைரியமும் வரவில்லை. பிரசாதத்தை எப்படித் துப்பச் சொல்வது?

சோற்றைத்தான் மெல்ல மாட்டேன் என்கிறான். ஒரு வாயை வாங்கிக்கொண்டு பொம்மைப் படம் முடிகிறவரை வாயிலேயே வைத்திருக்கிறான். சோறு இறங்கவில்லையே என்று நானும் பாலில் சீனியும் சத்துமாவும் கலந்து புட்டியில் கொடுத்துவிடுகிறேன். அஞ்சு வயசுப் பிள்ளைக்குப் புட்டியா என்று நீ கேட்பாய். எதுவும் இறங்காமல் கிடப்பதற்கு அதாவது இறங்கட்டுமே.

மருந்துக்கடை மெஷினில் யாருக்கும் தெரியாமல் ஏற்றிப் பார்த்தேன். பதினாலு கிலோ. போன வருஷம் சாஸ்தா சன்னதியில் பதினைந்து இருந்தான்.

அக்கா, பெரியத்தானுக்கு ஒரு மகள் இருந்தது உனக்குத் தெரியும். அவளுக்கும் இதே நேர்ச்சைதானாம். ஒரு வருஷம் எடை குறைந்து, முந்தின வருஷ எடைக்கு முதலில் வைக்கிற வெல்லமே கனத்து, அவள் உட்கார்ந்த தட்டு மேலே போய்விட்டதாம். அடுத்த வருஷம் நிறுக்க அவள் இல்லை. மஞ்சள் காமாலை. அந்த ஏக்கத்திலேயே அவளைப் பெற்ற மதினியும் போய்ச் சேர்ந்தார்கள். தட்டு மேலே போனதைப் பெரியத்தான் என்னிடம் சொன்னதில்லை, கோயில் பூசாரிதான் சொன்னார். பரமுவின் நட்சத்திரம் புரட்டாசியில் வருகிறது. தூக்கத்தில் எனக்கு அந்தத் தட்டுதான் தெரிகிறது.

லோகு


புளியங்குடி
5.8.2024

லோகுவுக்கு அக்கா எழுதுவது.

சுகம் விசாரிக்க எனக்குப் பொறுமை இல்லை. அந்தக் குழந்தையின் கதையைக் கேட்டு உன் பெரியத்தான்மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஏட்டி, பல் வலிக்கிறதால்தான் அவன் மெல்லவில்லை. மெல்லாததால்தான் மெலிகிறான். மெலிகிறானே என்று நீ சீனிப் பாலைக் கொடுக்கிறாய், அதில் பல் இன்னும் சொத்தையாகிறது. செக்கு மாடு மாதிரி நீயும் அவனும் சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இதில் சாமிகுத்தம் எங்கே வந்தது?

அருவியில் குளிக்கப் போகிறோம் என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வெளியே வா. நேரே பல் டாக்டரிடம் போ. அப்புறம் குளி. பொய்யும் ஆகாது.

போனதும் எழுது. நான் காத்திருப்பேன்.

பேராச்சி


மேலகரம்
2.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். எல்லோரும் சுகம். நீ கொடுத்தனுப்பிய எலுமிச்சையை ஊறுகாய் போட்டுவிட்டேன். அத்தானுக்கு என் வணக்கம் சொல்.

நீ சொன்னபடி பரமுவைக் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் மாடியில் இருக்கிறார். பாதிப் படி ஏறியபோது கோயில் பூசாரியின் மகள் இசக்கிமணி மேலேயிருந்து இறங்கி வந்தாள். “என்ன மதினி, பிள்ளைக்கா?” என்றாள். எனக்குத்தான் என்று சொன்னேன். சொன்ன பிறகு எப்படி அவனைக் காட்டுவது? இறங்கிவிட்டேன். நீ திட்டுவாய் என்று தெரியும்.

அப்படியே ஐந்தருவிக்குப் போனோம். கூட்டம் குறைவுதான். பெண்கள் பக்கம் அவனை இடுப்பில் வைத்துத் தண்ணீருக்குள் நுழைந்ததும் அவன் சிரித்தபடி வாயைத் திறந்தான். அந்தக் குளிர்ந்த தண்ணீர் உள்ளே போனதுதான் தாமதம், கன்னத்தைப் பொத்திக்கொண்டு அலறினான். அருவிச் சத்தத்தையும் மீறி அவன் சத்தம் கேட்டது. குளித்துக்கொண்டிருந்த பொம்பளைகள் எல்லாம் திரும்பி என்னைத்தான் பார்த்தார்கள்.

இன்னொன்று. மண்டியில் பழைய இரும்பு எடைக்கல் கிடந்தால் ஒரு கிலோக் கல் இரண்டு வேண்டும். பின்கட்டுக் கதவு காற்றில் அடித்துக்கொண்டே இருக்கிறது. அண்டை கொடுக்கத்தான்.

லோகு


புளியங்குடி
7.9.2024

லோகுவுக்கு,

சுகம். கல் இரண்டையும் எங்கள் லாரி டிரைவர் சங்கிலிப்பாண்டியிடம் கொடுத்திருக்கிறேன், தையற்கடையில் தருவான். இப்போது எல்லாம் கரண்ட் தராசு. இவை மூலையில் துருப்பிடித்துக் கிடந்தன, துடைத்து அனுப்பியிருக்கிறேன்.

பாதிப் படி ஏறியதற்கு உன்னைத் திட்டவில்லை. மீதிப் பாதியை எப்போது ஏறப்போகிறாய்?

ஒரு கதவுக்கு ஒரு கல் போதாதா?

பேராச்சி


மேலகரம்
25.9.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சாஸ்தா கிருபையில் எல்லோரும் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

துலாபாரம் நல்லபடியாக முடிந்தது. பதினாறு கிலோ. வெல்லத்தட்டு மேலே போய்ப் பரமு இருந்த தட்டு கீழே இறங்கியதும் எல்லோரும் குலவை போட்டார்கள். பெரியத்தான்தான் அவனைத் தூக்கித் தட்டில் வைத்தார். இறக்கும்போதும் அவரே வாங்கிக்கொண்டார். “கனத்துட்டான்” என்று மட்டும் சொன்னார். அவர் கண் கலங்கியிருந்தது. பாலம்மாள் அக்கா பட்டு வேட்டிக்கு இடுப்புப் பட்டி கெட்டியாகத் தைத்துக் கொடுத்திருந்தாள். எதற்கு என்று ஒரு வார்த்தை அவள் கேட்கவில்லை.

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இடுப்பு அழுத்துகிறது அம்மா என்று பரமு ஒருமுறை சொன்னான். அவன் வாயில் நானே ஒரு வெல்லத்துண்டை வைத்தேன்.

புதுப் பானை நிறைந்துவிட்டது. பின்கட்டுக் கதவு இப்போது அடித்துக்கொள்வதில்லை.

லோகு


புளியங்குடி
30.9.2024

லோகுவுக்கு,

நீயும் பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். இதை உபசாரத்துக்கு எழுதவில்லை.

பிறந்ததிலிருந்து உன்னைப் பார்க்கிறேன். உங்கள் பின்கட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டு என்பதும் எனக்குத் தெரியும், அந்த வீட்டில் மூன்று நாள் இருந்திருக்கிறேன். மெஷினில் பதினாலு இருந்த பிள்ளை, சோறு மெல்லாமல் பதினாறு ஆன வித்தை எனக்குப் புரிந்துவிட்டது. சாமியை ஏமாற்றினாயா என்று கேட்கப் போவதில்லை. சாமி தாங்கிக்கொள்ளும்.

ஆனால் இனி அந்த வீட்டில் யாரிடம் போய்ப் பிள்ளைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்வாய்? இரண்டு கிலோ கூடியிருக்கிறானே என்பார்கள். நீயே வாயைக் கட்டிக்கொண்டாய். அந்தக் கல்லைத் துடைத்து அனுப்பியவள் நான். எனக்குப் பயமாக இருக்கிறது லோகு. கல்லைத் திருப்பி அனுப்பு. உன் வீட்டுக்காரரிடமாவது உண்மையைச் சொல்.

பேராச்சி


மேலகரம்
9.10.2024

அக்காவுக்கு,

எல்லோரும் சுகம் என்று எழுத வரவில்லை. முந்தாநாள் காலையில் எழுந்தபோது பரமுவுக்கு வலது தாடை வீங்கியிருந்தது. காய்ச்சலும் உண்டு. பெரியத்தான் பார்த்துவிட்டுப் பொன்னுக்கு வீங்கி என்றார். மதினியின் தங்கச் சங்கிலியை எடுத்து அவன் கழுத்தில் போட்டிருக்கிறார். தங்கம் பட்டால் தானே வடிந்துவிடுமாம். என் சின்ன வயதில் எனக்கும் அம்மா அப்படித்தான் போட்டாள், நினைவிருக்கிறதா? அது வடிந்ததே.

இவரிடம் டாக்டரைப் பார்ப்போம் என்று சொன்னேன். “பிள்ள நல்லா ஏறித்தான இருக்கான், தாங்குவான். ரெண்டு நாளு பாப்போம்” என்றார். நான் வெந்நீர் வைக்க அடுப்படிக்குப் போய்விட்டேன்.

வீக்கம் இன்று கழுத்துப் பக்கம் இறங்கியிருக்கிறது. எச்சில் ஒழுகிக்கொண்டே இருக்கிறது. நீ வர வேண்டாம். வந்தால் இன்னும் பேச்சாகும்.

லோகு


புளியங்குடி
10.10.2024

லோகு,

கடிதம் இப்போதுதான் வந்தது. உடனே போன் போட்டேன். உன் பெரியத்தான் எடுத்து, பிள்ளை தூங்குகிறான் என்று வைத்துவிட்டார். மறுபடி போட்டேன், எடுக்கவில்லை. இதைச் சங்கிலிப்பாண்டி கையில் கொடுக்கிறேன். தையற்கடையில் வேண்டாம், வீட்டு வாசலிலேயே நின்று உன் கையில் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். யார் பார்த்தாலும் பார்க்கட்டும்.

அவன் வாயைத் திறந்து பார். சொத்தைப் பல்லுக்கு நேர் கீழேதானே வீக்கம்? அது பொன்னுக்கு வீங்கி இல்லையடி, பல்லில் இருக்கிற சீழ். அது கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைத்துவிடும். இங்கே மருந்துக்கடை அப்துல் ஜப்பார் அண்ணாச்சியிடம் உன் கடிதத்தை அப்படியே வாசித்தேன். எச்சில் விழுங்க முடியாத பிள்ளையை வீட்டில் வைத்திருக்கிறார்களா என்று கத்தினார்.

சங்கிலிப்பாண்டி லாரியோடு வாசலில் நிற்பான். வேறு வண்டி தேடாதே. செருப்புக்கூடப் போட வேண்டாம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஏறு.

அக்கா


திருநெல்வேலி
16.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

பரமு உயிரோடு இருக்கிறான். மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நீ சுகமா?

நடந்ததைப் போனில் சொல்ல என்னால் முடியவில்லை, அதனால்தான் நீ கூப்பிட்டபோதெல்லாம் நன்றாக இருக்கிறான் என்று மட்டும் சொல்லி வைத்தேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

உன் கடிதத்தை வாசலில் வைத்தே படித்தேன். எலுமிச்சை மூட்டைகள் இறக்காமல் லாரி நின்றது. பரமுவைத் தூக்கிக்கொண்டு நான் ஏறியதும் பெரியத்தான் ஓடிவந்து, தடுக்கப்போகிறார் என்று நினைத்தேன், தானும் ஏறிக்கொண்டார். இவர் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வந்தார். தென்காசி ஆஸ்பத்திரியில் பார்த்ததுமே ஆம்புலன்ஸில் ஏற்றி இங்கே அனுப்பிவிட்டார்கள். வழியெல்லாம் அவன் மூச்சு கர் கர்ரென்று இழுத்தது. அது நின்றுவிடுமோ என்று பயந்து அதையே கேட்டுக்கொண்டு வந்தேன். ஆலங்குளம் எப்போது தாண்டியது, எதுவும் எனக்குத் தெரியாது.

இங்கே ஒரு பெண் டாக்டர், மயக்க மருந்து கொடுக்கிறவர், பிள்ளை என்ன எடை என்று கேட்டார். இவர் சட்டென்று, “பதினாறு. போன மாசந்தான் கோயில்ல நிறுத்தோம்” என்றார். அவர் சொல்லி முடிக்கவில்லை, எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

“பதினாறு இல்ல டாக்டர். பதினாலுகூட இருக்காது. நாந்தான் இடுப்புல கல்லு வச்சுக் கட்டி நிறுக்க வச்சேன்.”

இவர் என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. டாக்டர் கோபப்படவில்லை. எப்படியும் நாங்கள் நிறுத்துப் பார்த்துத்தான் மருந்து கொடுப்போம், பயப்படாதீர்கள் என்றார். நான் சொல்லியிருக்கவே வேண்டாம் அக்கா. ஆனால் சொல்லிவிட்டேன். கழுத்தில் கிடந்த சங்கிலியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டுப் பிள்ளையை மெஷினில் கிடத்தினார்கள். பதிமூன்று சொச்சம் காட்டியது.

கழுத்தில் கீறிச் சீழை எடுத்தார்கள். வலப்பக்கத்து இரண்டு கடைவாய்ப் பல்லையும் பிடுங்கிவிட்டார்கள். மீதி இரண்டை வீக்கம் வற்றியதும் பார்ப்பார்களாம். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் என்று ஆரம்பித்த டாக்டர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். இன்று கஞ்சி குடித்தான். சாயங்காலம் பழக்கதோஷத்தில் பெரியத்தான் அவன் முகத்துக்கு நேரே கையை நீட்ட, அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். அவர் கையில் ஒன்றும் இல்லை.

அதன் பிறகு அவர் வராந்தாவுக்கு வந்து என் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து நாளாக அவர் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றைக்குத் திட்டுவார், வீட்டை விட்டுப் போகச் சொல்வார் என்று நினைத்தேன். சங்கிலியை அவரிடம் நீட்டினேன். வாங்கிக்கொள்ளவில்லை.

“நீ டாக்டர்ட்ட சொன்னது எனக்குப் புதுசு இல்ல லோகம்மா. தட்டுல தூக்கி வைக்கயிலயே இரும்பு என் கையில தட்டுப்பட்டுது. கேட்டா அவுத்துட்டு நிறுக்கணும். அவுத்து நிறுத்தா தட்டு மேல போயிருமேன்னு பயந்துட்டேன். அதான் பேசாம இருந்துட்டேன்.”

நாங்கள் இரண்டு பேரும் பயந்து பயந்து அந்தக் கல்லை இவன் இடுப்பில் கட்டியிருக்கிறோம். இத்தனை நாளும் அவருக்குப் பயந்தே நான் செத்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைவிடப் பயந்துபோயிருந்திருக்கிறார்.

என் மடியில் இருந்த தாளைப் பார்த்து, உனக்கு எழுதுகிறேனா என்று கேட்டார். ஆமாம் என்றேன். இதை அவர் சொன்னபடியே எழுதச் சொன்னார்.

“உங்க அக்காவ வரச் சொல்லு. வந்து பிள்ளயப் பாத்து, மெலிஞ்சு போயிருக்கான்னு வாய்விட்டுச் சொல்லச் சொல்லு. நம்ம வீட்ல அதச் சொல்ல ஒரு ஆளு வேணும்.”

வா அக்கா.

உன்,
லோகு